எந்த மரபணுவைச் சொல்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் பற்றித் தமிழில் எழுதும்போது ‘மரபணு மாற்றம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சங்கதிகளுக்குப் புழங்குகிறோம். ஒன்று, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்து, பிறந்த நாளிலிருந்து உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் இருப்பது. இன்னொன்று, பின்னாளில் கட்டிக்குள் மட்டும் உண்டானது. அது பிள்ளைகளுக்குப் போகாது. இவற்றைப் பிரித்துச் சொல்லாததன் விளைவு ஆலோசனை அறையில் தெரிகிறது. “ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சே” என்று நீட்டும் தாளைப் பார்த்தால், அது அறுத்தெடுத்த கட்டியில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்த சோதனையாகவோ, நோய் திரும்புமா என்று கணிக்கும் 21 மரபணுச் சோதனையாகவோ இருக்கும். பிறவி மரபணு மாற்றத்தைப் பார்க்க இரத்தமோ எச்சிலோ கொடுத்திருக்க வேண்டும்.

பிறவி மரபணு மாற்றம் என்றதும் ‘நோய் வருமா’ என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. வந்த நோய் எப்படிப் போகும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இருவருக்குமே நோய் கண்ட தாய் - மகள், அக்காள் - தங்கை இணைகளைப் பார்த்தது. முதலில் நோய் கண்டவருக்கு அது மோசமாகப் போயிருந்தால், அடுத்தவர் ஐந்தாண்டுக்குள் அதே நோயால் இறக்கும் அபாயம் 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆய்வின் முதல் ஆசிரியர் மிகேல் ஹார்ட்மன், பிற்பாடு சிங்கப்பூருக்கு வந்த மார்பக அறுவை மருத்துவர். ஒரே வீட்டுச் சாப்பாடும் பழக்கமும் இந்தக் கணக்கில் கொஞ்சம் கலந்திருக்கலாம். எல்லாப் பழியையும் மரபணு மேல் போட முடியாது.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரு மரபணுக்களில் பிறவிப் பழுது என்று கேட்டதுமே ஆயுள் முடிந்துவிட்டதாகப் பேசுவதும் தவறு. நோய் வரும் வாய்ப்பை இந்தப் பழுதுகள் வெகுவாகக் கூட்டுவது உண்மை: 80 வயதுக்குள் முதலாவதில் சுமார் 72 விழுக்காடு, இரண்டாவதில் 69. பிழைப்பது வேறு கணக்கு. பிரிட்டனில் 40 வயதுக்குள் நோய் கண்ட 2,733 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பத்தாண்டு உயிர்வாழ்வில் வேறுபாடு தென்படவில்லை.

மாற்றம் இருப்பது தெரிந்தால் மருந்தும் மாறும். டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் அறுந்துபோனால் பிழையில்லாமல் ஒட்டுவது இந்த மரபணுக்களின் வேலை. அது கெட்டுப்போன கட்டி, மிச்சமிருக்கும் வேறொரு பழுதுபார்க்கும் வழியை நம்பித்தான் பிழைக்கிறது. ஒலாபரிப் மாத்திரை அந்த வழியையும் அடைக்கிறது. ஒலிம்பியா ஆய்வில், பிறவியிலேயே பிஆர்சிஏ பழுது உள்ள, கட்டியில் ஹெர்2 மிகுதி இல்லாத, நோய் திரும்பும் அபாயம் மிகுந்த 1,836 பேர் பங்கேற்றனர். நாளைக்கு இருவேளை 300 மில்லிகிராம் வீதம் ஓராண்டு சாப்பிட்டவர்களில் 85.9 விழுக்காட்டினர் மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தனர். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 77.1 விழுக்காட்டினர். கடைசிச் சிகிச்சை முடிந்த 12 வாரங்களுக்குள் இந்த ஆய்வில் சேர வேண்டியிருந்தது. சோதனை முடிவு வரவே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ‘எல்லாம் முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது சரிவராது.

டிபி53 என்ற மரபணுவில் பிறவிப் பழுது இருந்தால் அவசரம் இன்னும் கூடுதல். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது பலருக்கும் நல்ல வழி. இவர்களுக்கோ கதிர்வீச்சே புதிய புற்றுநோயைக் கிளப்பக்கூடும். அதனால் முழு மார்பகத்தையும் எடுப்பதையே மருத்துவர்கள் விரும்புவார்கள். அறுவைக்கு முன்பே முடிவு கையில் இருந்தால்தான் இதைத் தீர்மானிக்க முடியும்.

ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமொக்சிஃபென் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நாளைக்கு 20 மில்லிகிராம் விழுங்கினாலும், கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை எண்டாக்ஸிஃபென் என்ற வீரியமுள்ள வடிவமாக மாற்றினால்தான் முழு வேலை நடக்கும். அந்த நொதி பிறவியிலேயே சிலருக்கு மந்தமாக இருக்கும். இதை எல்லாருக்கும் சோதிக்க வேண்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மருந்தால் வரும் தடையில் அந்தச் சந்தேகம் இல்லை: மனச்சோர்வுக்கும் உடல் தகிப்புக்கும் தரப்படும் பரோக்செட்டின், ஃபுளுஒக்செட்டின் இரண்டும் அதே நொதியை முடக்கும். வென்லஃபாக்சின் அவ்வளவாகக் குறுக்கிடாது. பலதுறை மருந்தகத்தில் வேறு மருத்துவரைப் பார்க்கும்போது தமொக்சிஃபென் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புற்றுநோய் பரவுவதில் பிசிஎஸ்கே9 மரபணுவின் பிறவி வேறுபாடு ஒன்றுக்குப் பங்கிருப்பதாக அண்மை ஆய்வு ஒன்று காட்டுகிறது. அதை வைத்து இன்று யாருக்கும் சிகிச்சை மாறாது. அதற்காகக் காசு கொடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை.

மரபணு ஆலோசனைக்காக நிரப்பும் குடும்ப வரலாற்றுப் படிவத்துக்கு வருவோம். அதில் ‘ஆன்ட்டி’ என்று ஒரே கட்டம் இருக்கும். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று நமக்குத் தனித்தனிச் சொல் இருப்பது இந்த இடத்தில் பெரிய வசதி. ஆன்ட்டி என்று மொழிபெயர்த்ததும் அது தொலைந்துவிடுகிறது. அத்தை அப்பாவின் இரத்தம். ‘அப்பா வழி கணக்கில் வராது’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பழுது தகப்பனிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதே பாதிதான். மாமன் மனைவியையும் அத்தை என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. ஆகவே ‘யாருடைய உடன்பிறப்பு’ என்று எழுதுங்கள். சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்: பிஆர்சிஏ2 அல்லது பால்பி2 என்ற இன்னொரு மரபணுவின் பழுது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்தால் ஃபன்கோனி இரத்தசோகை என்ற கடும் நோய் உண்டாகும். மூன்று தலைமுறை, நோய் கண்ட வயது, ஒரு மார்பகத்திலா இரண்டிலுமா, இவ்வளவும் வேண்டும். பாட்டிக்கு ‘வயிற்றில் கட்டி’ என்று மூடிச் சொன்னது சூலகப் புற்றுநோயாக இருக்கலாம். ஊரில் பழைய மருத்துவச் சீட்டு கிடைத்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சோதனையை முதலில் நோய் வந்தவருக்குச் செய்ய வேண்டும். நோயில்லாத மகளுக்கு மட்டும் செய்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால், பழுது குடும்பத்திலேயே இல்லையா, மகளுக்கு மட்டும் வரவில்லையா என்று சொல்ல வழியில்லை.

‘பொருள் தெளியாத மாற்றம்’, அதாவது தீங்கு தருமா என்று இன்னும் தெரியாத மாற்றம், என்று முடிவு வருவது இந்தியர்களிடம் அதிகம். ஒப்பிடும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. இப்படி வந்த முடிவை நம்பி மார்பகத்தையோ சூலகத்தையோ எடுக்கக் கூடாது. பெரும்பாலும் பின்னர் அது தீங்கற்றது என்றே தெரியவரும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவமனையைக் கேட்டுப் பாருங்கள்.

காப்புறுதிக்குப் பயந்து ஒதுங்குபவர்களுக்கு: சிங்கப்பூரின் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு 2021 அக்டோபர் 27ல் நடப்புக்கு வந்தது. அதன்படி, நோயில்லாதவர் எடுத்துக்கொண்ட முன்கணிப்புச் சோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனம் பயன்படுத்தக் கூடாது. பெருந்தொகைக் கடும்நோய்க் காப்புறுதியில் பிஆர்சிஏக்கு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே வந்துவிட்ட நோயை மறைக்க இது இடம் தராது.

தங்கள் நாளிதழில் ‘மரபணுச் சோதனை’ என்று அச்சாகும் இடங்களில் ‘இரத்தத்தில்’ அல்லது ‘கட்டியில்’ என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்க்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புற்றுநோய் மரபணு ஆலோசனைத் துறை சார்ந்த வாசகர்கள்,
சிங்கப்பூர்