கேம்பெல்ட் செலவை விற்கும்போதே சொல்லச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தாருக்கு வணக்கம்.

வாகனப் பழுதுபார்ப்புத் துறைக்காக நீங்கள் வகுத்த வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாரன்டி காலத்திலும் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடலாம், காரின் விலையையும் சர்வீஸ் பிளானின் (சர்வீஸ் செலவை முன்கூட்டியே கட்டிவைக்கும் திட்டத்தின்) விலையையும் விற்பவர் பிரித்துக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னீர்கள். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் சிறு கராஜ் வைத்திருப்பவர்களுக்கும் அவர்களிடம் போகும் எங்களுக்கும் அது பெரிய உதவி. நன்றி. ஆனால் ஒரு பெரிய செலவு அந்த நெறிகளின் கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. அதுதான் கேம்பெல்ட், எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே கணக்கில் ஓட வைக்கும் ரப்பர் பெல்ட்.

சர்வீஸ் பிளான்கள் பல 60,000 அல்லது 90,000 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகின்றன. பெல்ட் மாற்ற வேண்டிய கெடுவோ பல எஞ்சின்களில் அதற்குப் பிறகுதான் வருகிறது. எண்ணெய், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் பிளானில் அடங்கும். எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் வேலை மட்டும் பிளான் முடிந்த மறுவருடம் வந்து நிற்கும். இது தற்செயல் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று. ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் முதுமை தட்டும். அதனால்தான் பல கம்பெனிகள் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரை என்று கெடு வைக்கின்றன. விற்கும்போது இரண்டாவது பாதியை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டி எடுப்பார். "என் வண்டி ஓடவே இல்லையே தம்பி" என்று பெருமையாகச் சொல்வார். என்2 சாலையில் அம்லாஸி தாண்டிப் போகும்போது பெல்ட் அறுந்தது. மீட்டரில் காட்டியது கெடுவில் பாதிகூட இல்லை. வண்டி வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, பிளான் காலாவதி, வாரன்டி காலாவதி என்று கையை விரித்துவிட்டார்கள்.

பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு போவதில்லை. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது பெல்ட்தான். அது போனால், இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். வால்வு வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பழைய வண்டியாக இருந்தால் ரிப்பேர் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடும். அக்காவின் வண்டி இன்றும் வாசலில்தான் நிற்கிறது.

சரி, கெடுவுக்குள் மாற்றிவிடலாம் என்று நான் என் வண்டிக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒரு இடத்தில் சொன்னது மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தோண்டிக் கேட்டபோதுதான் புரிந்தது: குறைத்துச் சொன்னவர் பெல்ட்டை மட்டும் மாற்றுவார். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியைத் தாங்கும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப், கூலன்ட் எல்லாம் தனி. எஸ்டிமேட் தாளிலோ இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள். பெல்ட்டின் விலை என்னவோ குறைவுதான். சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினை ஜாக்கில் தாங்கி, எஞ்சினைப் பிடித்திருக்கும் மவுன்ட்டை எடுத்து, கேம்ஷாஃப்டையும் கிராங்க்ஷாஃப்டையும் அசையாமல் பூட்டிவிட்டு வேலை செய்ய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அத்தனையும் கழற்றிய பிறகு பழைய வாட்டர் பம்ப்பை அப்படியே விட்டு மூடினால், அது ஒழுகும் நாளில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கு இதை யார் சொல்வது?

பெல்ட்டுக்குப் பதில் உலோகச் செயின் இருக்கும் வண்டி வாங்கினால் தொல்லை இல்லை என்பார்கள். பாதி உண்மை. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் நீளும், டென்ஷனரும் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான் அறிகுறி. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் போன்ற எஞ்சின்களில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, அதைத் தொடவே எஞ்சினை இறக்க வேண்டிவரும். அப்புறம், எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட் என்று ஒன்று வந்தது. ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வந்த 1.2 ப்யூர்டெக் எல்லாம் முதலில் அந்த வகையாகத்தான் வந்தன. தவறான எண்ணெய் ஊற்றினாலோ, எண்ணெயில் பெட்ரோல் கலந்தாலோ பெல்ட் உதிர்ந்து, அந்தத் துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். இரண்டாம் கை வண்டி வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. முந்தைய ஓனர் என்ன எண்ணெய் ஊற்றினார் என்று எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த எங்கள் தாத்தாக்களை, இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய குழு வாழிடச் சட்டம் நகரத்துக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டது. ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு இன்றும் சொந்த வண்டிதான் கதி.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். நெறிகளை அடுத்த முறை திருத்தும்போது, புதிய வண்டியோ பழைய வண்டியோ, விற்பனை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே பெல்ட்டா செயினா, கெடு எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம், சர்வீஸ் பிளானில் அது சேருமா சேராதா, சேராவிட்டால் பம்ப், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து இன்றைய விலையில் எத்தனை ரேண்டு என்று எழுத வைக்க வேண்டும். இது தேசிய நுகர்வோர் ஆணையத்தின் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். பிளான் விலையைப் பிரித்துக் காட்டச் சொன்னவர்கள் நீங்கள்தான். பிளானில் எது இல்லை என்று தெரியாமல் அதன் விலையை ஒப்பிட்டு என்ன பயன்?

இன்னொன்று. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, வேண்டாம் என்று நாம் சொன்னால் ஒழிய, கழற்றிய பழைய பாகங்களைக் கராஜ் திருப்பித் தர வேண்டும். என் வண்டிக்குப் பெல்ட் மாற்றியபோது பழையதை நான் கேட்டேன்; கவுன்டரில் இருந்தவர் விநோதமாகப் பார்த்தார், ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். பழைய பெல்ட்டின் முதுகுப் பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. வளைத்துப் பார்த்தால் பற்களின் அடியில் மயிரிழை விரிசல். ஓர் ஓரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் கேம்ஷாஃப்ட் சீலும் கசிந்துகொண்டிருந்தது. பில்லில் அந்த சீலைப் பற்றி ஒரு வரி இல்லை. பையோடு திரும்பிப் போய்க் காட்டிய பிறகுதான் அதையும் மாற்றினார்கள், கூலி வாங்காமல்.

அந்த இரண்டு எஸ்டிமேட்களையும் கராஜ் பெயர்களை மறைத்து இதனுடன் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த், டர்பனிலிருந்து ஒரு கார்க்காரர்