வீட்டுப்பாட உதவிச் செயலியில் வரும் பிழையான விடைகள், நிறுத்த முடியாத சந்தா: புகார்

அனுப்புநர்
மாலை நேரப் படிப்பகத்தின் கணித, அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோரும்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி வீட்டுப்பாட உதவி நிறுவனம்.

பொருள்: ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதம், அறிவியல் விடைகளில் தொடர்ந்து வரும் பிழைகளைத் திருத்தவும், சந்தாத் தொகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளின் குடும்பங்கள் தங்கள் செயலிக்குச் சந்தா கட்டியிருக்கின்றன. கணக்கைப் படம் பிடித்து அனுப்பினால் படிப்படியாக விளக்கம் வரும், புரியாவிட்டால் ஆசிரியர் ஒருவர் நேரடியாக இணைப்பில் வந்து சொல்லித் தருவார் என்பதுதான் தாங்கள் கொடுத்த வாக்கு. ஆனால் வருகிற விளக்கங்களில் பிழைகள் மலிந்திருக்கின்றன. எப்போதாவது கைதவறி வந்தவை என்று விட்டுவிட முடியவில்லை. ஒரே காரணத்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது என்பதால் ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதுகிறோம்.

படத்தைப் படிக்கும் இடத்திலேயே கோளாறு தொடங்குகிறது. எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டைப் பிள்ளை நோட்டில் எழுதி அனுப்புகிறது. மேலே சிறிதாக இருக்கும் 2-ஐச் செயலி அடுக்காகப் பார்க்காமல், பெருக்கும் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. சமன்பாடு 2எக்ஸ் − 5எக்ஸ் + 6 = 0 என்று மாறி, எக்ஸ் = 2 என ஒரே ஒரு விடை வருகிறது. உண்மையான மூலங்கள் 2, 3 ஆகிய இரண்டும். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், பிள்ளை அந்த 2-ஐக் கொடுத்த சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 4 − 10 + 6 = 0 என்று சரியாகவே வந்துவிடும். பிரதியிட்டுச் சரிபார் என்று வகுப்பில் சொல்லித் தந்த நல்ல பழக்கம்கூட இங்கே கைகொடுக்காது. இருபடி என்றால் இரண்டு மூலங்களைத் தேட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பிடிபடும். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போகும் தாய் இதை எப்படிப் பிடிப்பார்? தன்னால் பார்க்க முடியாது என்பதால்தானே அவர் சந்தா கட்டினார்.

கோடு போட்ட நோட்டில் எழுதினால் நீலக் கோடு சில நேரம் கழித்தல் குறியாகவும் பின்னக் கோடாகவும் மாறிவிடுகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் கை நிழல் விழுந்த படம் என்றால் இன்னும் மோசம். வேதியியலில் கார்பன் மோனாக்சைடு வாய்பாட்டின் இரண்டாவது பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாகப் படித்து, அது கோபால்ட்டின் குறியீடாகிவிட, அதன் அணு நிறையை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. 28 வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 59. இத்தனைக்கும் தீர்வு ஒன்றுதான். படத்தைப் படித்ததும் கேள்வியை அச்செழுத்தில் காட்டி, 'நீங்கள் கேட்டது இதுதானா?' என்று கேளுங்கள். பிள்ளை 'ஆம்' என்ற பிறகு தீர்க்கத் தொடங்குங்கள். தவறாக இருந்தால் அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்த வழி வையுங்கள். இப்போது மறுபடியும் படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அதையும் புதுக் கேள்வியாகக் கணக்கில் கழித்துவிடுகிறீர்கள்.

அடுத்தது ஒளியியல். எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். குவிலென்சின் குவியத் தூரம் 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தூரத்தில், பிம்பம் எங்கே என்பது கேள்வி. பாடநூல் கார்ட்டீசியன் குறியீட்டு மரபைப் பின்பற்றுகிறது; ஒளி செல்லும் திசைக்கு எதிராக அளக்கும் தூரத்துக்கு அதில் மைனஸ் குறி. அதன்படி 1/குவியத் தூரம் = 1/பிம்பத் தூரம் − 1/பொருளின் தூரம். பொருளின் தூரம் −15 என்பதால், 1/பிம்பத் தூரம் = 1/10 − 1/15 = 1/30. பிம்பம் மறுபக்கம் 30 செ.மீ. தூரத்தில் விழும். உருப்பெருக்கம் −2, அதாவது தலைகீழாக, இரு மடங்காக. தங்கள் செயலியோ பழைய மரபில் வரும் கூட்டல் வாய்பாட்டை எடுத்து, அதற்குள் கார்ட்டீசியன் மரபின் −15-ஐப் போடுகிறது. 1/10 + 1/15 = 1/6 ஆகி, விடை 6 செ.மீ. என்று வருகிறது. எந்த மரபானாலும் அதிலேயே கடைசிவரை நின்றால் 30 செ.மீ.தான் வரும். இரண்டையும் கலந்தால்தான் கெடும்.

கதிர்ப்படம் ஒன்றை வரைந்திருந்தாலே இது தெரிந்திருக்கும். குவியத்துக்கும் இரு மடங்கு குவியத் தூரத்துக்கும் நடுவில் பொருள் இருந்தால், பிம்பம் மறுபக்கத்தில் 20 செ.மீ.-க்கு அப்பால்தான் விழும். குவிலென்சு தரும் மெய்ப் பிம்பம் ஒருநாளும் குவியத் தூரத்துக்கு உள்ளே வராது. இந்த ஒரு நிபந்தனையைச் செயலியில் சேர்த்தால் இத்தகைய விடைகள் திரைக்கு வருமுன்பே நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் லென்சுக் கணக்கு தவிர்க்க முடியாத பகுதி. தவறான முறை ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் அதை அழித்துத் திருத்துவது புதிதாகச் சொல்லித் தருவதைவிடக் கடினம்.

முக்கோணவியலில், கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது ஏற்றக்கோணம் 30° என்றால் உயரம் என்ன என்ற கேள்விக்கு மைனஸ் 192 மீட்டர் என்று விடை வந்தது. கோணத்தைப் பாகையாக எடுக்காமல், ரேடியன் என்ற வேறோர் அலகில் எடுத்ததுதான் காரணம். டேன் 30° என்பது 1/√3. 30 ரேடியனுக்கு அது ஏறக்குறைய −6.405. சரியான விடை 10√3, அதாவது 17.32 மீட்டர். உயரம் மைனஸில் வராது என்பதுகூடச் சோதிக்கப்படவில்லை. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே சுமார் 52 மீட்டர்தான் என்று அறிந்த மதுரைப் பிள்ளை அந்த எண்ணைப் பார்த்து நின்றுவிடும். அணுவின் ஆரமோ மின்னோட்டமோ கேட்டால் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு எதுவும் இல்லை.

விடை சரியாக இருந்தும் மதிப்பெண் போகிற இடமும் உண்டு. எக்ஸ்² + 6எக்ஸ் − 4 = 0 என்பதை வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்கச் சொன்னால், 6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9, இரு பக்கமும் 9 கூட்டி (எக்ஸ் + 3)² = 13 என்று எழுத வேண்டும். செயலி நேராகச் சூத்திரத்தில் போட்டு −3 ± √13 என்று முடிக்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்வியில் படிக்குத்தான் மதிப்பெண். கேட்ட முறையை விட்டால் கடைசி வரி சரியாக இருந்தும் பயன் குறைவு. குளோரினின் அணு நிறையை 35.5 என்று எடுக்காமல் 35 என்று முழுமையாக்கியதால், 117 கிராம் சோடியம் குளோரைடு சரியாக 2 மோல் என்று வராமல் 2.017 என்று வந்தது. பாடத்திட்டத்தைப் பதிவின்போதே கேட்கிறீர்கள். அதன்படி மாறிலிகளையும் முறையையும் வைக்க என்ன தடை?

நேரடி ஆசிரியர் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்த கணக்கில், ஒரு பிள்ளை 1/6 + 1/3 = 1/2 வரை போட்டு, 0.5 ஓம் என்று நிறுத்தியிருந்தது. தலைகீழாக்கி 2 ஓம் என்று எழுத மறந்தது மட்டுமே குறை. இணைப்பில் வந்தவர் பிள்ளை போட்ட வழியைக் கேட்கவே இல்லை. முழுத் தீர்வையும் ஒட்டிவிட்டு உரையாடலை மூடிவிட்டார். 'எதுவரை போட்டாய், அந்தப் பக்கத்தைக் காட்டு' என்பதுதான் எந்த வாத்தியாரும் கேட்கும் முதல் கேள்வி. அதைக் கட்டாயமாக்குங்கள்.

சந்தாவில் சேர ஒருமுறை தொட்டால் போதும். நிறுத்த வேண்டுமென்றால் செயலியில் அதற்கு இடமே இல்லை. தொலைபேசியில் அழைத்தால் புதுத் திட்டம் விற்கிறார்கள். இலவசக் காலம் முடிந்ததும் ஆண்டுத் தொகை தானாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தும் வழியை மறைப்பதும் சிக்கலாக்குவதும் 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் சந்தாப் பொறி என்று தடை செய்யப்பட்டவை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது தங்கள் கடமை.

எனவே, தானாகப் பிடித்த தொகையை அந்தந்தக் குடும்பத்தின் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். சந்தாவை நிறுத்தும் பொத்தானைச் செயலியின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். இணைப்பிலுள்ள கணக்குகளுக்குத் திருத்திய தீர்வை, தவறான விடையைப் பெற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். அவர்கள் அந்த விடையை நோட்டில் எழுதிவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பணத்தைவிட இதுதான் அவசரம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருவதால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம்.

இப்படிக்கு,
படிப்பக ஆசிரியர்களும் பெற்றோரும்

இணைப்பு: பிள்ளைகள் அனுப்பிய படங்கள், செயலி தந்த விடைகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள், எங்கள் கையெழுத்தில் சரியான தீர்வுகள், பணம் பிடித்ததற்கான வங்கிக் குறுஞ்செய்திகள்.