சுடலைக்கு ஒரு திருத்தம்

திருநெல்வேலி டவுன்

அன்புள்ள சுடலை,

நலம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. முட்டுவலி அப்படியேதான் இருக்கு, அதை விடு.

குறுக்குத்துறைப் படியில் ஒருநாள் நீ வழுக்கி விழுந்தியே, அந்தப் பழுப்பு வழுவழுப்பில் பிடித்த டயட்டம், அதான் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடிப் பாசி, 176 மைக்ரான் நீளம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. வெறும் 44தான்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கிற ஐபீஸுக்குள் இருக்கும் 100 கோட்டு அளவுகோல் முத்திரை குத்தாத நாழி மாதிரிலே. லென்ஸை மாற்றினால் கோட்டின் மதிப்பும் மாறும். நான் 10 மடங்கு லென்ஸுக்குக் கண்ட மதிப்பை 40 மடங்கு லென்ஸில் எண்ணிய 18 கோட்டோடு பெருக்கித் தொலைத்தேன். உழக்கால் அளந்துவிட்டு நாழிக் கணக்கு எழுதின கதை. அதே நாலு மடங்கு!

இப்போது ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வாங்கிவிட்டேன். ஸ்லைடில் ஒரு மில்லிமீட்டரை 100 பங்காகக் கீறியிருக்கிறது, ஒரு பங்கு 10 மைக்ரான். ஐபீஸைத் திருகி இரண்டு அளவுகோலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடது ஓரத்துக் கோடுகளைச் சேர்த்துவிட்டு, வலப்பக்கம் எங்கே மறுபடி கோடும் கோடும் ஒட்டுகிறது என்று பார்க்கணும். எவ்வளவு தள்ளி ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லது, பிசகு குறையும். 10 லென்ஸில் ஐபீஸின் 100 கோடு ஸ்லைடின் 98 பங்கு, கோட்டுக்கு 9.8 மைக்ரான். 40 லென்ஸில் 41 கோட்டுக்கு 10 பங்கு, அதாவது 2.44. அங்கே ஸ்லைடின் கோடே உலக்கைத் தடிமனில் தெரியும். இடது விளிம்பிலிருந்து இடது விளிம்புக்கு எடுக்கணும், கேட்டியா? நான் முதல் தடவை நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக எடுத்து, ஒரு சாயங்காலம் பாழ்.

நம்பிக்கை வராமல் விரலைக் குத்திப் பார்த்தேன். ரத்தச் சிவப்பணு ஏழு, ஏழரை மைக்ரான். மூன்று கோட்டில் அடங்கிவிட்டது. சரிதான்.

காலேஜ் ரெக்கார்டு நோட்டில் எல்லாப் படத்துக்கும் கீழே ‘400 மடங்கு’ என்று எழுதினோமே! பேப்பரில் கைபோன போக்கில் வரைந்த படம் எத்தனை மடங்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, மார்க் மட்டும் போட்டார்கள்.

உன் மைக்ராஸ்கோப்புக்கும் இதைச் செய்யணும், என் 2.44 உனக்கு உதவாது. ஸ்லைடைத் தபாலில் அனுப்ப மாட்டேன், 40 லென்ஸை இறக்கும்போதே ஒருதரம் உடையப் பார்த்தது. ஆடி அமாவாசைக்கு வருவாய்தானே? மைக்ராஸ்கோப்பையே தூக்கிட்டு வா. லென்ஸை மட்டும் கழற்றி எடுத்து வந்துவிடாதே.

உன்,
சங்கரன்