பித்தளையா, இரும்பா?

அன்புள்ள மாப்ள செல்வராசு,

மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்ன பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. அவசரப்பட்டு மாடி ஏறாதே.

ரிட்டையர் ஆனதிலிருந்து பட்டறையே கதி என்று கிடக்கிறேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய மாதிரி ரைஃபிள் ஒன்றைக் கையாலேயே செய்கிறேன். எங்கள் பென்சில்வேனியா லங்காஸ்டர் அதற்குப் பேர்போன ஊர். 18ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் டிக்கர்ட் போல ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வளர்த்த தொழில் இது.

வரிவரியாக ரேகை ஓடும் மேப்பிள் கட்டை கிடைத்துவிட்டது. மண்டையைக் குடைந்தது உலோகச் சாமான்கள்தான். லங்காஸ்டர் துப்பாக்கி என்றால் பித்தளை. பின்கட்டையில், குண்டைச் சுற்றும் துணித்துண்டு வைக்கும் சின்னப் பெட்டிக்குத் தலைமாட்டில் டெய்சிப் பூவாக வெட்டிய தகடு இருக்கும், கண்ணை எடுக்க முடியாது. தெற்கே டென்னசி மலைப்பக்கம் போனால் ஊர்க் கொல்லன் உலையில் அடித்த இரும்பு. பலவற்றில் பெட்டிகூடக் கிடையாது, அந்தத் துணியில் தடவும் கொழுப்பு வைக்க ஒரு குழி மட்டும். அந்த எளிமையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு செய்வதால் பித்தளை என்று முடிவு செய்தேன்.

அப்படியும் சறுக்கினேன். நான் செய்வது 1780கள் மாதிரி. தோளில் பதியும் தகட்டை மட்டும் அழகில் மயங்கி, ஒடுங்கலாக, பிறைபோல ஆழமாய் வளைந்ததாக வாங்கிவிட்டேன். அது 1820களுக்குப் பிந்தைய வளைவு. முந்தைய தகடு அகலம், வளைவும் கொஞ்சம்தான். கட்டையின் அடிக்கோடே அந்தத் தகட்டில்தான் தொடங்குகிறது. அது தப்பினால் முழுக் கட்டையும் தப்பு. நல்லவேளை, உளி வைக்குமுன் கண்ணில் பட்டது. மாற்றிவிட்டேன்.

புதுத் தகடு மண்ணில் வார்த்தது, மேலெல்லாம் சொரசொரப்பு. ஐ.டி.ஐ.யில் வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா, புது அரத்தை முதலில் பித்தளைக்குப் போடு, தேய்ந்த பிறகு இரும்புக்கு என்று? அதே மாதிரிதான் ராவினேன். பிறகு தகட்டின் உட்பக்கம் விளக்குக்கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவிக் கட்டையில் அழுத்த வேண்டும். கறுப்பு ஒட்டும் புள்ளியை மட்டும் சீவ வேண்டும். மறுபடி தடவு, அழுத்து, சீவு. நாலு நாள் ஆயிற்று, இடையில் தலைமுடி நுழையாத அளவுக்கு உட்கார.

இப்போது ஒரே குழப்பம்: பித்தளையைப் பளபளவென்று தேய்க்கவா, தானாகக் கறுக்க விடவா? உன் கைக்குத்தான் அது தெரியும். யோசித்து எழுது.

அன்புடன்,
ராமசாமி