மருந்து அளந்த கை எழுதுகிறது: கிரெய்ன் வேறு, கிராம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் துப்பாக்கி சுடும் போட்டி பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்துக்கொண்டே வந்தவன், ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். 9 எம்.எம். தோட்டாவின் குண்டு 115 கிராமாம். இரண்டு கோழிமுட்டை எடை ஐயா அது! 115 சரி, கிராம்தான் தப்பு. அது கிரெய்ன், பழைய ஆங்கிலேய எடை அளவு. 115 கிரெய்ன் என்பது ஏழரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவு.

துப்பாக்கிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குத் துப்பாக்கி தெரியாது, கிரெய்ன் தெரியும். 1967இல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தபோது, பழைய டாக்டர்களின் சீட்டில் பாதிக்கு மேல் கிரெய்ன் கணக்குதான். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம் என்று ஒரு வினோதமான எண்ணில் வருகிறதே, அது பழைய 5 கிரெய்ன்தான். கிரெய்னை கிராம் என்று படித்தால் பதினைந்து மடங்குக்கு மேல் போய்விடும். அப்படி ஒருமுறை நான் படித்ததற்குக் கம்பவுண்டர் கொடுத்த குட்டு இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது.

வெடிமருந்துக்கும் நம் ஊரில் மருந்து என்றுதானே பேர்? அதை அளப்பதையும் கிட்டே இருந்து பார்த்துவிட்டேன். மகள் வீடு டெக்சாஸில். மாப்பிள்ளை போட்டிகளில் சுடுகிறவர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் பொருத்தி, பவுடர் நிரப்பி, குண்டு வைத்து அவரே மறுபடி தோட்டா ஆக்கிக்கொள்கிறார். அங்கே அது கார் ஷெட்டில் செய்கிற பொழுதுபோக்கு. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் கையை வைக்க வேண்டாம்.

நான் அசந்துபோனது அவர் பவுடர் அளவு தேடிய விதத்தைப் பார்த்து. கூட இருந்த நண்பர், நான் இவ்வளவு போடுகிறேன், நீயும் போடு என்று ஓர் எண் சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. அப்புறம் என்னிடம், "மாமா, அவர் நல்லவர்தான், ஆனா அவர் துப்பாக்கி வேற, என் துப்பாக்கி வேற" என்றார். பவுடர் கம்பெனியும் குண்டு கம்பெனியும் சோதனைத் துப்பாக்கிக் குழலில் சுட்டு அழுத்தம் அளந்து வெளியிடுகிற அட்டவணை மட்டும்தான் அவருக்கு வேதம். ஹாட்ஜ்டன், லைமன், ஹார்னடி என்று இரண்டு மூன்று கம்பெனி அட்டவணையில் ஒத்துப் பார்க்கிறார். பெரும்பாலும் ஆரம்ப அளவு ஒன்றும் உச்ச அளவு ஒன்றும் இருக்கும். கீழிருந்துதான் தொடங்குவார், உச்சத்தை எட்டிப்பிடிக்கும் ஆசையெல்லாம் கிடையாது. குண்டைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினாலே அழுத்தம் எகிறிவிடுமாம். ஹெச் 4831 என்று ஒரு பவுடர், ஐ.எம்.ஆர். 4831 என்று ஒரு பவுடர், எண் ஒன்றுதான், எரியும் வேகம் வேறு, ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. நாங்கள் கடையில் பேர் ஒத்துப்போகிற மாத்திரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்க மாட்டோம். அவரும் மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான் வைக்கிறார்.

நிறுப்பது இன்னும் நுணுக்கம். 9 எம்.எம். தோட்டாவுக்குள் போகிற பவுடர் அரை கிராம்கூடக் கிடையாது. அதில் 0.1 கிரெய்ன் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் ஆறரை மில்லிகிராம். நான் பெருமையாக ஊரிலிருந்து வாங்கிப்போயிருந்த நகைக்கடைத் தராசை நீட்டினேன். அது இரண்டு தசமம்தான் காட்டும், அதாவது 10 மில்லிகிராம் 10 மில்லிகிராமாகத் தாவும், 0.15 கிரெய்ன். "இது போதாது மாமா" என்று சிரித்துவிட்டார். அவருடைய தராசிலும் தினம் சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலை. மின்விசிறி ஓடினால் நிறுக்கவே மாட்டார், அந்தப் பழக்கம் எங்கள் கம்பவுண்டரிடமும் இருந்தது. கன அளவில் சட்டென்று கொட்டித் தருகிற கருவியும் இருக்கிறது, உருண்டை மணிப் பவுடருக்குச் சமமாக விழும், குச்சி குச்சியாக இருக்கிற பவுடருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே விழும், அதனால் நடுநடுவே எடுத்து நிறுத்துப் பார்ப்பார். சில பவுடர்கள் கூட்டில் பாதிகூட நிரம்பாது, மறதியில் இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது, துப்பாக்கிதான் கையிலேயே வெடிக்கும். எனவே குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார். அந்த நேரம் நான் பேச்சுக் கொடுத்தால் பதிலே வராது. முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் புரிந்தது.

நம் கடலூருக்கும் இதற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. பீரங்கியைச் சாதகமாக நிரப்பிச் சுடுவது சுடுகிறவனின் கைத்திறமை என்று சென்னையிலிருந்து எழுதியே அனுப்பினார்கள். குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரை இன்றும் சொல்கிறோமே, அந்தக் குண்டு இதுதான். அவர்களுக்கு மருந்து ஒரு பிடி கூடினால் கிராமமே லாபம். மாப்பிள்ளைக்கு அரை கிரெய்ன் கூடினால் விரல் நஷ்டம்.

ஆகவே ஐயா, ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் தம்பி தங்கைகளிடம் சொல்லிவையுங்கள்: கிரெய்ன் என்று இருந்தால் கிரெய்ன் என்றே போடட்டும், கிராமில்தான் வேண்டும் என்றால் 0.0648ஆல் பெருக்கிப் போடட்டும். அடுத்த ஞாயிறு இதழில் 115 கிராமுக்கு ஒரு சின்னத் திருத்தம் வந்தால் வெட்டி மாப்பிள்ளைக்கு அனுப்புவேன். தப்பு வந்த பக்கத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.