பியானோ முன் இருப்பவருக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாதஸ்வரத்தைக் கற்று வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். நல்ல கட்டுரைதான். நடுவில் ஒரு வரி: "அவர் மனைவியும் பியானோ வாசிப்பார்." அதோடு பத்திரிகையை மூடிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

வாசிப்பாராம்! அந்த மனைவி ஜப்பானிய ஜாஸ் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி. அவரைத் தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எல்லாவற்றையும் இழந்து குடும்பத்தோடு ஜப்பான் திரும்பி, பெப்பு நகரத்து நடனக்கூடத்தில் பியானோ வாசிக்க வேலைக்குச் சேர்ந்தார். டோக்கியோவில் அவர் வாசிப்பைக் கேட்ட புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன், இந்தப் பெண்ணைப் பதிவு செய்யுங்கள் என்று இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸிடம் சொன்னார். 1953இல் முதல் இசைத்தட்டு பதிவானது. கூட வாசித்தவர்கள் யார்? கிதார் ஹெர்ப் எல்லிஸ், பேஸ் ரே பிரவுன், டிரம்ஸ் ஜே. சி. ஹெர்ட். அந்த ஜாம்பவான்களுக்கு நடுவே 23 வயதுப் பெண், ஜாஸ் பியானோ மேதை பட் பவல் பாணி வேகத்தில், கொஞ்சமும் தயங்காமல் வாசிக்கிறார். என் மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவேன். மரியானோவை அவர் மணந்தது 1959இல். கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சொந்தமாகப் பெரிய இசைக்குழு நடத்தி 14 முறை கிராமி பரிந்துரை பெற்றார், ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

தங்கள் மார்கழிச் சிறப்பிதழும் நினைவுக்கு வருகிறது. பாடகர்களிடம் ராகத்தைப் பற்றிக் கேட்டீர்கள், பாடகிகளிடம் பட்டுப்புடவையைப் பற்றி. அப்போதும் எழுதினேன். இடப் பற்றாக்குறை போலும், வெளியாகவில்லை.

எங்கள் ஊர்த் தேவாலயத்தில் 27 வருடம் ஆர்கன் வாசித்தேன். நூற்றாண்டு மலரில் 'ஆர்கன்: திருமதி' என்று போட்டு, பக்கத்தில் என் கணவர் பெயர். அவருக்குச் சுருதிப்பெட்டிக்கும் ரேடியோப்பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. மலரைப் பார்த்து அவரே கூசிப்போனார், பாவம்.

சரி, மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கட்டுரையோடு வந்த படத்தில் பியானோ முன் உட்கார்ந்திருப்பவர் தோஷிகோ அகியோஷி. படக்குறிப்பில் மரியானோவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
திருச்சி.