பூட்டிய கோப்பு எப்படி அழிந்தது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வுக் குழுவின் பொதுச் சர்வரைக் கவனிக்கும் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். திரையைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கண் மருத்துவர் சொல்லியிருப்பதால் இந்தக் கடிதத்தைத் தாளில் எழுதுகிறேன். கட்டளைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

ஒரு கோப்புக்கு 444 என்று அனுமதி வைத்திருந்தும் குழுவில் ஒருவர் அதை அழித்துவிட்டார், சர்வரில் ஏதோ கோளாறு என்று எழுதியிருக்கிறாய். கோளாறு எதுவும் இல்லை. இந்த மூன்று இலக்கங்களும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோருக்கான அனுமதி; படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பவற்றின் கூட்டுத்தொகையே ஒவ்வோர் இலக்கமும். 444 என்றால் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை எவரும் மாற்றக் கூடாது என்பது மட்டுமே பொருள். அழிப்பது வேறு வேலை. அதற்கான அனுமதி கோப்பில் இல்லை. கோப்பு இருக்கும் அடைவில் (டைரக்டரியில்) இருக்கிறது.

அடைவு என்பதைப் பெட்டி என்று நினைத்திருந்தால் இது புரியாது. பெயர்ப் பதிவேடு என்று நினைத்துப் பார். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதற்கு நேராக ஒரு ஐநோடு எண். பட்டியலிடும் கட்டளையை 'எல்எஸ் -ஐ' என்று கொடுத்தால் அந்த எண்ணை நீயே பார்க்கலாம். உரிமையாளர் யார், குழு எது, என்ன அனுமதி, தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடில் இருக்கும். பெயர் மட்டும் அங்கே இருக்காது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின், 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் இந்தப் பதிவேட்டின் ஒரு வரி சரியாக 16 பைட்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. அன்றைய கோப்புப் பெயர்கள் 14 எழுத்துக்குள் அடங்கியதற்குக் காரணம் இதுதான்.

கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை செய்வதெல்லாம் பதிவேட்டிலிருந்து ஒரு வரியை நீக்குவதே. அந்த ஐநோடைச் சுட்டும் கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லை என்றான பிறகே தரவின் இடம் விடுவிக்கப்படும். வரியை நீக்கப் பதிவேட்டில் எழுத முடிந்தால் போதும். எழுத அனுமதியில்லாத கோப்பு என்று 'ஆர்எம்' ஒருமுறை கேட்கும். அது மரியாதைக்குக் கேட்பது, தடை அல்ல. இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. அடைவில் எழுத முடிந்தவர் உன் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் தன்னுடைய கோப்பு ஒன்றை வைத்துவிடலாம். ஆகவே யாரும் தொடக் கூடாத கோப்பைக் காக்க நினைத்தால், முதலில் அடைவைப் பார். 'எல்எஸ் -எல்' கொடுத்தால் உள்ளிருப்பவைதான் வரும். அடைவின் சொந்த அனுமதியைக் காட்டுவது 'எல்எஸ் -எல்டி'. அந்த 'டி'யை விடாதே.

அனுமதிப் பட்டியலில் வரும் ஆர் (படிக்க), டபிள்யூ (எழுத), எக்ஸ் (இயக்க) என்ற மூன்று எழுத்தும் அடைவில் என்ன செய்கின்றன என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும். ஆர் இருந்தால் பெயர்களைப் படிக்கலாம். டபிள்யூ இருந்தால் பெயர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். ஆனால் கூடவே எக்ஸ் இல்லாவிட்டால் அதற்குப் பயனில்லை. எக்ஸ் என்பது அந்த அடைவு வழியாகக் கடந்து செல்லும் உரிமை. ஆர் இல்லாமல் எக்ஸ் மட்டும் இருந்தால் பட்டியல் தெரியாது, ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறந்துவிடலாம். எக்ஸ் இல்லாமல் ஆர் மட்டும் இருந்தால் பெயர்கள் வரும், விவரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கும்.

உன் இரண்டாம் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கோப்புக்கு 644 இருந்தும் படிக்க அனுமதி மறுக்கப்படுகிறது என்றால், பாதையில் உள்ள ஏதோ ஒரு மேல் அடைவில் எக்ஸ் இல்லை. வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு அடைவிலும் அது வேண்டும். லினக்ஸில் 'நேம்ஐ -எல்' என்று பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எனக்குப் பிடித்த கட்டளைகளில் அது ஒன்று; ஏனோ பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள். இயங்குதளத்தின் மையமான கர்னல் மூன்று தொகுப்பு அனுமதிகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீ உரிமையாளரா? அப்படியானால் உரிமையாளர் பகுதி மட்டும்தான். இல்லாவிட்டால் குழு, அதுவும் இல்லாவிட்டால் மற்றவர். 604 என்று வைத்தால் முன்பின் தெரியாதவர் படிக்கலாம், குழுவில் உள்ளவர் படிக்க முடியாது.

எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிஎச்மாட் -ஆர் 777' கட்டளையை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும்படி யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து செய்யாதே. எந்தத் தடை எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும், அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் எதையும் மாற்றலாம் என்றாகிவிடும். தரவுக் கோப்புகள் கூட இயக்கக்கூடியவையாக மாறும். தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரலின் அந்தரங்கச் சாவிக் கோப்பு அந்த வழியில் அகப்பட்டால், அனுமதி அகலமாக இருக்கிறது என்று சொல்லி அதைப் பயன்படுத்தவே எஸ்எஸ்ஹெச் மறுக்கும். அதற்கு 600 வேண்டும். ஒரு மரம் முழுவதையும் சரிசெய்யும் கட்டாயம் வந்தால் 'சிஎச்மாட்' கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸைப் பயன்படுத்து. அடைவுகளுக்கும், ஏற்கெனவே யாராவது ஒருவருக்கு இயக்கும் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டுமே அது எக்ஸ் கொடுக்கும்.

உனக்கு வேண்டியது நான்கு இலக்கம்: 3770. குழுவுக்கென்று ஓர் அடைவை 'எம்கேடிர்' கொண்டு உருவாக்கு, 'சிஎச்ஜிஆர்பி' கொண்டு குழுவின் பெயரில் எழுதிவை, பிறகு 'சிஎச்மாட் 3770' கொடு. முதல் இலக்கமான 3 என்பது 2-உம் 1-உம் சேர்ந்தது. அதில் 2, உள்ளே உருவாகும் கோப்புகள் அடைவின் குழுவையே பெறும்படி செய்கிறது. 1 என்பது ஸ்டிக்கி பிட். கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட் ஆகியோரைத் தவிர வேறு யாரும் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. எல்லோரும் எழுதும் தற்காலிக அடைவான 'டிஎம்பி' 1777-இல் இருப்பது இதனால்தான். அடைவுகளுக்கு இந்தப் பாதுகாப்பு 1986-இல் 4.3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் வந்தது. ஒருவர் கோப்பை மற்றவர் திருத்தவும் வேண்டுமென்றால் உறுப்பினர்களின் 'யூமாஸ்க்' (புதுக் கோப்புகளுக்குத் தராமல் விலக்கும் அனுமதிகளின் எண்) 007 ஆக இருக்கட்டும். புதுக் கோப்புகள் 660 ஆகப் பிறக்கும். ஆனால் சில எடிட்டர்கள் புதுக் கோப்பில் எழுதிப் பழையதன் இடத்தில் பெயர் மாற்றி வைப்பவை. பிறர் கோப்பை அவற்றால் திருத்தும்போது ஸ்டிக்கி பிட் குறுக்கே நிற்கலாம். அதை மட்டும் சோதித்துப் பார்த்துவிடு.

இவ்வளவு சிறிய பிட்களைக் கொண்டு இத்தனை பேரைச் சேர்ந்து வேலை செய்ய வைத்த, யூனிக்ஸை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியையும் கென் தாம்ப்சனையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. 'எம்கேடிர்' கட்டளைகூட ஒரு காலத்தில் ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்கித்தான் ஓடியது தெரியுமா? சாதாரணப் பயனர் அடைவு உருவாக்கத் தனி சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் வழி) அப்போது இல்லை, 1983-இல் 4.2பிஎஸ்டியில்தான் அது வந்தது. அப்படி ரூட்டின் அதிகாரத்தைக் கடன் கொடுக்கும் செட்யூஐடி பிட் ரிச்சியின் கண்டுபிடிப்பு. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் உன் பயனர் பெயரையும் குழுக்களையும் காட்டும் 'ஐடி' கட்டளையின் விடையையும், அந்த அடைவின் 'எல்எஸ் -எல்டி' வரியையும் எழுதி அனுப்பு. கோப்பை அழித்தவரிடம் கோபம் வேண்டாம். அவர் தன் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது நடந்திருக்கலாம். நேற்றைய காப்புப் பிரதி இருக்கிறதா என்று முதலில் பார்.

அன்புடன்,
உன் பழைய தோழன்